காபீல் கண்ட காகம் எது?

 



ஆதம் (அலை) அவர்களின் இரு மைந்தர்களுடைய வரலாற்றை ஜும்ஆ பயானில் கேளாத முஸ்லிம் குடும்பம் நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இராது. அண்மையில் அடியேனும் ஒரு ஜும்ஆவில் அதனை எடுத்துரைத்தேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பாட்டனாரின் கையைப் பிடித்தபடி வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், காபீல் பார்த்தது அண்டங்காக்காவா, சாதாக் காக்காவா?" என்று கேட்டான். "பேசாமல் வாடா, காக்காவில் என்ன இருக்கிறது" என்று பாட்டனார் அதட்டினார்.

பிள்ளையின் கேள்வியில் நியாயம் இருந்தது. நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் 'காகம்' என்று இருக்கிறது. அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஆங்கில மொழியில் உள்ள குர்ஆன் மொழிபெயர்ப்புகள் சிலவற்றிலோ 'ரேவன்' என்று இருக்கிறது. ரேவன் என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டினால் 'அண்டங்காக்கை' என்று பொருள் போட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றா, வேறா? உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. நூல்களைப் பார்த்தும், பறவைகளைக் கூர்ந்து நோக்கும் நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்திக் கொள்வோம். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவில், 27 முதல் 31 வரையிலான வசனங்களில் அல்லாஹ் இதனைச் சொல்கிறான். ஆதமின் மைந்தர் இருவரும் குர்பான் கொடுத்தனர். ஒருவருடையது ஏற்றுக்கொள்ளப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாதவன் பொறாமையால் தன் சகோதரனைக் கொல்லத் துணிந்தான். நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்மீது கை நீட்டமாட்டேன், அல்லாஹ்வை அஞ்சுகிறேன் என்று மற்றவர் சொல்லிவிட்டார். கொலை நடந்தது. அதன் பிறகு அந்தப் பிணத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது பூமியைக் கீறியது. அதைக் கண்டவன், இந்தக் காகத்தைப் போலக்கூட இருக்க என்னால் இயலாமற் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டான்.

ஹாபீல், காபீல் என்னும் பெயர்கள் திருக்குர்ஆனில் இல்லை; அவை விரிவுரை நூல்கள் வழியே நமக்கு வந்தவை. சம்பவம் நடந்த ஊரும் சொல்லப்படவில்லை. திமிஷ்க் நகரை ஒட்டிய காஸியூன் மலையைச் சிலர் காட்டுவர். நம் தமிழகத்திலோ இராமேசுவரத்தில் 'ஆபில் காபில் தர்கா' என்ற பெயரில் நீண்ட கபுறுகள் இருக்கின்றன. அவ்வழியே செல்வோர் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் மக்கள் வழக்கு. குர்ஆனிலோ ஆதாரப்பூர்வமான ஹதீஸிலோ இவற்றுக்குச் சான்று கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அண்டங்காக்கை 'ரேவன்' அன்று

இனி, பறவைக்கு வருவோம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் போகும்போது சன்னல் வழியே நம் கண்ணில் படும் காகங்கள் இரண்டே வகை. ஒன்று, கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக உள்ள ஊர்க் காகம். தேநீர்க் கடை வாசல், இறைச்சிக் கடைத் தெரு, பள்ளிவாசல் ஹவுளு என எங்கும் இருப்பது இதுதான். நீளம் 40 சென்டிமீட்டரை ஒட்டி, எடை ஏறத்தாழ 300 கிராம். பிரெஞ்சு அறிஞர் வியெய்யோ 1817ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, 'ஒளிர்கின்ற' என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். நாம் கல்லெறிந்து விரட்டும் பறவைக்கு அப்படியொரு பெயர்!

மற்றொன்று அண்டங்காக்கை. உடல் முழுதும் கறுப்பு, அலகு தடித்தது, குரல் கனத்தது. தோப்புகளிலும், மலையடிவார ஊர்களிலும், சாலையோரப் புளியமரங்களிலும் இதனை மிகுதியாகக் காணலாம். ஆங்கிலப் படை அதிகாரி சைக்ஸ் என்பவர் தக்காணத்துப் பறவைகளைப் பற்றி எழுதியபோது, 1832ஆம் ஆண்டில் இதனைத் தனியினமாக விவரித்தார்.

ஆங்கிலத்தில் ரேவன் எனப்படும் பறவை இந்த இரண்டும் அன்று. அது ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும், பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் எடையும் உள்ள பெரும் பறவை. நம் ஊர்க் காகத்தைப் போல நான்கு மடங்கு. தொண்டையில் இறகுகள் தாடிபோல் சிலிர்த்து நிற்கும். பறக்கும்போது வால் ஆப்பு வடிவில் கூம்பித் தெரியும். இந்தியாவில் இமயத்தின் உயர்ந்த பகுதிகளிலும், இராஜஸ்தான், பஞ்சாப் போன்ற வடமேற்கு வறண்ட நிலங்களிலும் அது வாழ்கிறது. தமிழகத்தில் அது இல்லை. நம் அகராதிக்காரர்கள், 'பெரிய கறுப்புக் காகம்' என்ற அளவில் நம்மிடம் உள்ளதை எடுத்து அண்டங்காக்கை என்று போட்டுவிட்டனர். அதில் குற்றமில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

அரபு நாட்டில் எப்படி? பாலைவனத்தில் கழுத்து சற்றே பழுப்பாக மின்னும் ஒரு ரேவன் இனம் உண்டு. தாயிஃப், அஸீர், யமன் மலைப்பகுதிகளில் விசிறிபோல் குட்டை வால் கொண்ட மற்றோர் இனம் உண்டு. ஆனால் ஹஜ்ஜுக்குச் சென்று ஜித்தாவில் இறங்கியவர்களுள் சிலர் அங்கே நம் ஊர்ச் சாம்பற்கழுத்துக் காகத்தையே கண்டு வியந்திருக்கலாம். அது கப்பலேறிப் போன கூட்டம். ஏடன், ஜித்தா போன்ற துறைமுகங்களுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இந்தியப் பெருங்கடல் வழியே இந்தக் காகம் பரவிற்று. சான்ஸிபார் தீவுக்கு 1890களில் குப்பையை ஒழிப்பதற்காகவே இதனைக் கொண்டுபோனார்கள். இப்போது அங்குள்ள சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருந்தொல்லையாகிவிட்டது. கென்யா அரசின் வனவிலங்குத் துறை 2024ஆம் ஆண்டில் பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கத் திட்டம் அறிவித்தது. நம் ஊரில் அளவோடு இருக்கும் ஒன்று, மனிதன் இடம் மாற்றியதால் அங்கே ஆபத்தாகியிருக்கிறது.

ஒரே குடும்பம்

இவையனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காக்கைக் குடும்பத்தில் உலகெங்கும் 130க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. கறுப்புக் காகங்கள் மட்டுமல்ல. காஷ்மீரத்திலும் லடாக்கிலும் உள்ள மேக்பை, செவ்வலகும் மஞ்சளலகும் கொண்ட மலைக் காகங்கள், பைன் காடுகளில் கொட்டை உடைத்துத் தின்னும் பறவைகள், நீல நிற ஜேய்கள் எல்லாம் இதில் அடக்கம். இவற்றுள் ரேவன், ஊர்க் காகம், அண்டங்காக்கை ஆகிய மூன்றும் குடும்பத்தினுள்ளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். அப்பேரினத்தில் மட்டும் 45க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ரேவன் என்றும் குரோ என்றும் ஆங்கிலத்தார் இரண்டாகப் பிரிப்பது பறவையின் பருமனைப் பார்த்துச் செய்த பிரிவு. பறவையியலில் அப்படிப்பட்ட எல்லைக்கோடு இல்லை. ஆஸ்திரேலியாவில் ரேவன் என்று பெயர் பெற்ற பறவைகள், ஐரோப்பிய ரேவனைவிட அந்நாட்டுக் காகங்களுக்கே நெருங்கியவை. ஆனால் அரபு மொழியின் 'குராப்' என்ற சொல் சிறியதும் பெரியதுமான அத்தனையையும் தன்னுள் அடக்கியது. தமிழின் 'காகம்' என்ற சொல்லும் அவ்வாறே. ஆகவே நம் உலமாக்கள் 'குராப்' என்பதைக் 'காகம்' என்று மொழிபெயர்த்தது பொருத்தமானதேயாகும். ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தமானது என்றுகூடச் சொல்வேன்.

பெயரை மட்டும் நம்பி உறவு கொண்டாடவும் கூடாது. மேட்டூர் அணையிலும் சேலம் மூக்கனேரியிலும் சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகத்துக்குக் காகம் என்று பெயர். ஆனால் அது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, மீன் பிடித்துண்ணும் வேறு வகைப் பறவை. ஏப்ரல் முதல் ஜூன் வரை காகத்தின் கூட்டில் முட்டையிட்டுத் தன் பிள்ளையைக் காகத்தின் தலையில் கட்டும் குயிலும் உறவன்று; நிறம் மட்டுமே கறுப்பு. மின்கம்பியில் அமர்ந்திருந்து, தன்னினும் பெரிய காகத்தைத் துரத்தியடிக்கும் இரட்டைவால் கரிச்சான் இருக்கிறதே, அது தூரத்து உறவு. பெயரும் நிறமும் காட்டிக்கொடுக்கும் உறவுகளில் ஒன்றே ஒன்று உண்மை: தோப்புகளில் திரியும் வால்காக்கை. செம்பழுப்பு உடலும் நீண்ட வாலுமாக, காகத்துக்குச் சற்றும் ஒவ்வாத தோற்றத்தோடு இனிய குரலும் எழுப்பும் அது, காக்கைக் குடும்பத்தின் மெய்யான பிள்ளை. சேர்வராயன் மலையடிவாரத்தில் குடியிருப்போர் அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நம் முன்னோரான மார்க்க அறிஞர்களும் காகங்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 808இல், கி.பி. 1405இல், மறைந்த இமாம் தமீரி அவர்கள் உயிரினங்களைப் பற்றிய தம் பெருநூலில் காகத்துக்குத் தனி இடம் ஒதுக்கியுள்ளார்கள். ஃபிக்ஹு நூல்களில் அதன் உணவைக் கொண்டு பிரிக்கப்படுகிறது. செத்ததைத் தின்னும் காகம் உண்ணத் தகாதது. வயலில் தானியம் மட்டும் பொறுக்கும் சிறிய காகம் கூடும். இரண்டையும் கலந்து தின்னும் 'அக்அக்' எனப்படும் மேக்பை பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பறவையியலார் பிறப்பைப் பார்த்தார்கள், சட்ட அறிஞர்கள் உணவைப் பார்த்தார்கள். கேள்வி வேறாதலின் விடையும் வேறு. குப்பையும் அழுகலும் தின்னும் நம் ஊர்க் காகம் எந்தப் பிரிவில் அடங்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பூமியைக் கீறும் பழக்கம்

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்குள் இருக்கும் மெய்யான கேள்விக்கு வருகிறேன். காகம் எதற்காகப் பூமியைக் கீறுகிறது?

பாட்டி வடை சுட்ட கதையை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். உண்மையில் காகத்துக்குப் பெரிய வடை கிடைத்தால் அது என்ன செய்யும் என்று ஒருநாள் உங்கள் மாடியில் நின்று பாருங்கள். வேண்டிய அளவு தின்றுவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய் ஓட்டின் இடுக்கிலோ பூந்தொட்டி மண்ணிலோ செருகும். பிறகு ஓர் இலையையோ சருகையோ ஓட்டுச் சில்லையோ அலகால் இழுத்து மேலே போட்டு மூடும். சுற்றுமுற்றும் பார்க்கும். இது காக்கைக் குடும்பத்தில் பரவலாகக் காணப்படும் குணமாகும். ரேவன் மண்ணிலும் பனியிலும் உணவைப் புதைக்கிறது; வேறொரு ரேவன் தன்னைக் கவனிக்கிறது என்று தெரிந்தால் இடத்தை மாற்றுகிறது. வட அமெரிக்க மலைகளில் வாழும் கொட்டையுடைக்கும் பறவை, ஓர் இலையுதிர் காலத்தில் பல்லாயிரம் பைன் விதைகளை மண்ணில் புதைத்து, மாதங்கள் கழித்துப் பனிக்காலத்தில் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்துவிடுகிறது.

அதாவது கீறுதல், வைத்தல், மூடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த செயல் இந்தக் குடும்பத்தின் இயல்பிலேயே படைப்பாளன் வைத்தது. கோழியும் பூமியைக் கீறுகிறது; ஆனால் அது உள்ளே இருப்பதை எடுப்பதற்காக. காகம் கீறுவதோ மறைப்பதற்காகவும் ஆகும். கோழிப் பண்ணைகளுக்கு நடுவே வாழும் நாமக்கல் மக்களுக்கு இந்த வேறுபாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு காகங்கள் சண்டையிட்டு, ஒன்று மற்றதைக் கொன்று, குழி தோண்டிப் புதைத்தது என்ற செய்தி தஃப்ஸீர் நூல்களில் வருகிறது. பயான்களில் நாமும் சொல்லி வருகிறோம். அது விரிவுரையாளர்கள் அறிவிக்கும் செய்தி. வசனத்தின் வாசகத்தில், காகம் பூமியைக் கீறியதும் அது எதற்காக அனுப்பப்பட்டது என்பதும் மட்டுமே உள்ளன. காகங்களுக்குத் தம் இனத்தின் பிணத்தைப் புதைக்கும் வழக்கம் இல்லை என்பது பறவையியலாரின் கருத்து. அல்லாஹ் நாடினால் வழக்கத்துக்கு மாறானதையும் ஒரு பறவையைச் செய்விப்பான். அதில் முஃமினுக்கு ஐயமில்லை. எனினும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்துவிட்டு வந்து கேட்கும் பிள்ளையிடம், குர்ஆன் சொன்னது எது, விரிவுரை சொன்னது எது என்று பிரித்துச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. பிரிக்காமல் சொன்னால், ஒன்றில் எழும் ஐயத்தை அவன் மற்றதன்மீதும் ஏற்றிவிடுவான்.

இறந்த காகத்தைச் சுற்றி மற்றக் காகங்கள் கூடிக் கரைவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெய்லி ஸ்விஃப்ட், ஜான் மார்ஸ்லஃப் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முகமூடி அணிந்த ஒருவர் செத்த காகத்தைக் கையில் ஏந்தி நின்றார். காகங்கள் கூடிக் கூச்சலிட்டன. பின்னர் அதே முகமூடியோடு வெறுங்கையுடன் வந்தபோதும், ஆறு வாரங்கள் வரை அடையாளம் கண்டு எச்சரித்தன. துக்கம் என்று அதனைச் சொல்லிவிட முடியாது. இங்கே ஆபத்து இருக்கிறது என்று கற்றுக்கொள்வதற்காகவே அவை கூடுகின்றன என்பது அவர்களின் முடிவு. ஆக, மரணத்தைக் கண்டால் நின்று பார்த்துப் பாடம் படிக்கும் பறவை அது. முதல் கொலையைச் செய்தவனிடம் பாடம் சொல்ல அனுப்பப்பட்டதும் அந்தப் பறவையே.

மறைத்தல் என்னும் சொல்

அந்த வசனத்தில் சகோதரனின் உடலைக் குறிக்க 'ஸவ்அத்' என்ற சொல் வருகிறது. இதே சொல்லைத்தான் அல்அஃராஃப் அத்தியாயத்தில், ஆதமும் ஹவ்வாவும் விலக்கப்பட்ட மரத்தைச் சுவைத்தபோது வெளிப்பட்டுவிட்ட அவர்களின் மானத்துக்கு அல்லாஹ் பயன்படுத்துகிறான். மானத்தை மறைக்கவே ஆடையை இறக்கியதாகவும் அதே அத்தியாயத்தில் கூறுகிறான். தந்தையும் தாயும் இலைகளைக் கொண்டு தங்களை மறைத்துக்கொண்டார்கள். மகனுக்குத் தான் கொன்ற உடலை மறைக்கத் தெரியவில்லை. உயிருள்ளவனுக்கு ஆடை எதுவோ, அதுவே மய்யித்துக்கு மண். குளிப்பாட்டும்போது மய்யித்தின்மீது துணி போர்த்துவதும், கஃபனிடுவதும், பெண்களின் கபுறில் இறக்கும்போது மேலே துப்பட்டியை விரித்துப் பிடிப்பதும் எல்லாம் இந்த ஒரே சொல்லின் விரிவுகள் என்று எனக்குத் தோன்றும்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயால் இறந்தோரின் உடலைத் தொட உறவினரே அஞ்சிய நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். அடக்கம் செய்ய விடாமல் ஊரார் தடுத்த நிகழ்ச்சியும் சென்னையில் நடந்தது. அப்போது தமிழகமெங்கும் முஸ்லிம் தொண்டர்கள் முன்வந்து, சமயம் பாராமல், அவரவர் முறைப்படி அந்த உடல்களை மறைத்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. காவிரிக் கரையில், நம் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டியின் ஜனாஸாவுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகன்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்றரை அடிச் சந்து யாருக்கு என்ற வழக்கில் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. தாயைக் கபுறில் இறக்க ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலும் இறங்கினார்கள். உடலை இருவரும் ஒரே நேரத்தில் தாழ்த்தியாக வேண்டும். "மெல்ல விடச் சொல்லுங்கள்" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்; "விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்று தம்பியும் என்னைப் பார்த்தே சொன்னார். மண் தள்ளி முடித்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அநியாயமாகச் செய்யப்படும் ஒவ்வொரு கொலையின் பாவத்திலும் ஆதமின் அந்த முதல் மகனுக்கு ஒரு பங்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அன்று அந்த இருவர் முன்னால் அதனைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணுகிறேன்.

சகுனமும் சாபமும் இல்லை

காகத்தைப் பற்றி நம் வீடுகளில் நுழைந்துவிட்ட சில எண்ணங்களையும் பேசியாக வேண்டும். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பதும், தலையில் தட்டினால் தீங்கு என்பதும் சில முஸ்லிம் பெண்மணிகளின் வாயிலும் வருகிறது. தலையில் தட்டிவிட்டது என்று தாயத்துக்கு ஆள் தேடி வந்தவர்களை நான் அறிவேன். சித்திரை, வைகாசி மாதங்களில் வேம்பிலோ தென்னையிலோ கூடு கட்டி, பறக்கப் பழகாத குஞ்சு கிளையில் உட்கார்ந்திருக்கும்போது, கீழே போகிறவரைத் தாய்க் காகம் பாய்ந்து தட்டும். மூன்று வாரம் அந்த வழியைத் தவிர்த்தால் போதும், தாயத்து வேண்டியதில்லை.

அறியாமைக் காலத்து அரபியரும் பறவையைக் கிளப்பிவிட்டு, அது வலம் போகிறதா இடம் போகிறதா என்று பார்த்துப் பயணத்தை முடிவு செய்தார்கள். காகத்தைப் பிரிவின் அடையாளமாகக் கருதி அஞ்சினார்கள். கொலையுண்டவனின் ஆவி பறவையாகி அலைகிறது என்றும் நம்பினார்கள். அதற்கு 'ஹாமா' என்று பெயர். பறவைச் சகுனமும் இல்லை, ஹாமாவும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் ஒருசேர மறுத்துவிட்டார்கள். இறந்தோர் காகமாக வருகிறார்கள் என்பது நம் அண்டை வீட்டாரின் சமய நம்பிக்கை. அவர்கள் படையல் வைப்பதை ஏளனம் செய்ய நமக்கு அனுமதியில்லை. நம் வீட்டில் அந்த எண்ணம் வேண்டாம் என்பதே சொல்ல வந்தது.

மறுபக்கம், காகத்தைச் சபிக்கப்பட்ட பறவை என்பாரும் உண்டு. ஹரமிலும் இஹ்ராமிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிரினங்களுள் காகமும் ஒன்று என்பது ஹதீஸ். முஸ்லிம் நூலின் ஓர் அறிவிப்பில், வெள்ளை கலந்த காகம் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. தீங்கு தடுக்கத் தரப்பட்ட அனுமதி அது. உயிருள்ள ஒன்றைக் கட்டி வைத்து இலக்காக்கி எறிவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உண்டிவில்லோடு கூட்டைக் கலைக்கப் போகும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது ஹதீஸைச் சொல்லுங்கள். நம் நாட்டுச் சட்டமும் 1972 முதல் காகத்தைத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

தொழுகையிலும் காகம் வருகிறது. காகம் கொத்துவதுபோல் அவசரமாக ஸுஜூது செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அபூதாவூது உள்ளிட்ட நூல்களில் உள்ளது. ரமளான் தராவீஹின் கடைசி ரக்அத்துகளில் நம்மில் பலரைப் பார்த்தால் இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வரும். அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

கடைசியாக, நாமக்கல் வட்டார வாசகர்களுக்கு ஒரு சொல். 2021 ஜனவரியில் இராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. பறவைக் காய்ச்சல் என்று ஆய்வில் தெரிந்தது. கேரளத்தில் வாத்துகள் மடிந்தன. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் நம் பண்ணைகள் அப்போது கலங்கி நின்றதை அறிவீர்கள். நோய் வந்தால் அது பல வேளை முதலில் தெரிவது காகத்திடம்தான். ஆகவே உங்கள் தெருவிலோ பண்ணை ஓரத்திலோ பல காகங்கள் ஒன்றாக இறந்து கிடப்பதைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள், குப்பையில் எறியாதீர்கள். அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் ஆய்வுக்கு எடுத்தது போக எஞ்சியவற்றை, அவர்கள் சொல்லும் முறைப்படி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.